ஹனோயில் இறங்கி சைகோனில் ஏறுங்கள்: வியட்நாமுக்கு முதல் பயணம்

தோளில் ஒரு தண்டு, இரண்டு முனையிலும் நெற்கூடை. வியட்நாம்காரர்கள் தங்கள் நாட்டின் வரைபடத்தை இப்படித்தான் சொல்வார்கள். வடக்குக் கூடை செவ்வாற்றுச் சமவெளி, தெற்குக் கூடை மீகாங் கழிமுகம். இரண்டையும் இணைக்கும் தண்டு மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒல்லியாகக் கிடக்கிறது. வடக்கிலிருந்து தெற்கே சுமார் 1,650 கி.மீ.; மிகக் குறுகிய இடத்தில் அகலம் 50 கி.மீ. தான். முதல்முறை போகிறவர்களின் திட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த நீளத்தைக் கணக்கில் எடுக்காததால்தான். ஹனோய்க்குப் போக வர டிக்கெட் எடுத்துவிட்டு, தெற்கே போய், கடைசி நாளில் விமானம் பிடிக்க மறுபடி வடக்கே ஓடி வருவார்கள். ஒன்றரை நாளும் ஓர் உள்நாட்டு டிக்கெட்டும் வீண்.

ஆகவே முதல் விதி: வடக்கே இறங்கி, தெற்கே மட்டும் நகர்ந்து, தெற்கிலிருந்தே ஊர் திரும்ப வேண்டும். விமானத் தளங்களில் ‘பல நகரம்’ என்ற தேர்வில் ஹனோய் வருகை, ஹோ சி மின் நகரப் (சைகோனின் இன்றைய பெயர்) புறப்பாடு என்று போட்டுத் தேடுங்கள். தமிழ்நாட்டிலிருந்து நேரடி விமானங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும். நேரடி கிடைக்காவிட்டால் கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக் வழியே இரண்டு நகரங்களுக்கும் எளிதாக இணைப்பு கிடைக்கும்.

எந்த மாதம்?

“வியட்நாமில் இப்போது மழையா?” என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, மூன்று உண்டு. வடக்கில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர். ஹனோயில் 12 டிகிரி என்பது கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் ஈரக்காற்றும் தூறலும் சேர்ந்து எலும்பில் ஏறும். சின்ன விடுதிகளில் அறையைச் சூடாக்கும் வசதி இருப்பதில்லை. நடுப்பகுதியான ஹுவே, டா நாங், ஹோய் ஆனில் செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை அடைமழை, நம் வடகிழக்குப் பருவமழைபோல. தெற்கில் மே முதல் நவம்பர் வரை தினமும் பிற்பகலில் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு வெளுக்கும். அதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

மூன்று பகுதிகளும் ஒருசேரத் தாங்கும்படி இருப்பது மார்ச், ஏப்ரல். பள்ளி விடுமுறைக்காக மே மாதம்தான் முடியும் என்றால் போகலாம், வெயிலுக்கு நாம் பழகியவர்கள். அக்டோபரையும் நவம்பரையும் தவிர்த்துவிடுங்கள். அந்த மாதங்களில் ஹோய் ஆனின் ஆறு பழைய நகருக்குள் ஏறுவது வழக்கம். 2025 அக்டோபர் இறுதி வெள்ளத்தில் அந்தத் தெருக்களில் படகுதான் ஓடியது. ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரியில் வரும் ‘தெத்’ எனும் சந்திரப் புத்தாண்டு வாரமும் ஆகாது. நம் பொங்கல் நாட்களில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் சென்னையிலிருந்து மதுரைக்கு டிக்கெட் தேடினால் எப்படியோ, அப்படி. கடைகள் மூடியிருக்கும், ரயில் நிரம்பியிருக்கும்.

விசா

இந்தியர்கள் இ-விசா எடுக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 15 முதல் அது 90 நாள் வரை கிடைக்கிறது. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை என்றால் 50 டாலர். தேடுபொறியில் முதலில் வருபவை பெரும்பாலும் அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தரகர் தளங்கள். அதே 25 டாலர் விசாவுக்கு இரண்டு மூன்று மடங்கு வாங்கிவிடுவார்கள். கட்டணத்துக்கு மேல் ‘சேவைக் கட்டணம்’ கேட்டால் நீங்கள் தவறான இடத்தில் இருக்கிறீர்கள்.

மூன்று வேலை நாட்கள் என்று சொல்வார்கள். இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்ல வேண்டும். புகைப்படத்தில் கண்ணாடி அணியக் கூடாது. தவறு நேர்வது பெரும்பாலும் மூன்று இடங்களில்:

1. பெயர். கடவுச்சீட்டின் படப் பக்கத்து அடியில் இயந்திரம் படிப்பதற்காக இரண்டு வரிகள் அச்சிட்டிருப்பார்கள். அதில் உள்ள எழுத்துகள்தான் உங்கள் பெயர். விசாவிலும் டிக்கெட்டிலும் அவைதான் வர வேண்டும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அப்படியிருந்தால் டிக்கெட் போடும் முன்பே விமான நிறுவனத்திடம் எப்படி எழுதுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்பா பெயரை நீங்களாகச் சேர்த்துவிட்டால் விமான நிலையத்தில் சிக்கல்.

2. தேதி. விசா எந்தத் தேதியில் தொடங்குகிறதோ அதற்கு ஒரு நிமிடம் முன்கூட உள்ளே விடமாட்டார்கள். வியட்நாம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முந்தி இருக்கிறது. நள்ளிரவை ஒட்டி இறங்கும் விமானம் என்றால் இறங்கும் ஊரின் தேதியைப் பாருங்கள். ஒரு நாள் முன்னதாகவே தொடங்கும்படி கேட்பது நல்லது. 90 நாள் இருக்கும்போது அதில் நட்டமில்லை.

3. கடவுச்சீட்டு எண்ணில் ஓர் இலக்கப் பிழை. புதிதாக விண்ணப்பித்து மறுபடி பணம் கட்ட நேரும்.

விசாத் தாளை இரண்டு பிரதி அச்செடுத்து வைத்திருங்கள். கைப்பேசியில் காட்டினால் போதும் என்று நினைத்து, செக்-இன் மேசையில் அச்சுப் பிரதிக்காக அலைபவர்களைப் பார்க்கலாம்.

நாட்கணக்கு

பதின்மூன்று இரவுகள் கையில் இருந்தால் இப்படிப் பிரிக்கலாம்: ஹனோய் 2, ஹா லாங் விரிகுடாக் கப்பலில் 1, நின் பின் 2, இரவு ரயிலில் 1, ஹுவே 2, ஹோய் ஆன் 3, சைகோன் 2. பத்து இரவுதான் என்றால் ஹா லாங்கை வெட்டி, ஹுவேயிலும் ஹோய் ஆனிலும் ஒவ்வோர் இரவைக் குறையுங்கள். ஹா லாங்கின் அதே சுண்ணாம்புக் குன்றுகள்தான் நின் பின்னில் கடலுக்குப் பதில் வயலில் நிற்கின்றன. அதனால் இழப்பு பெரிதல்ல. சா பா மலையும் ஃபூ குவோக் தீவும் இந்தப் பாதையிலிருந்து விலகியவை. முதல் பயணத்தில் அவற்றைத் திணிக்க வேண்டாம்.

பணம்

ஆயிரம் டோங் ஏறத்தாழ மூன்றரை ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. விலைப்பலகையில் 50 என்று போட்டுப் பக்கத்தில் ஓர் ஆங்கில ‘கே’ இருந்தால் ஐம்பதாயிரம் டோங், அதாவது 170 ரூபாய் அளவு. முதல் நாளிலேயே பலர் ஏமாறுவது நீல நோட்டில்: 20,000 டோங்கும் நீலம், 5,00,000 டோங்கும் நீலம், இரண்டிலும் ஹோ சி மின் முகம். டாக்ஸியில் இருபதுக்குப் பதில் ஐந்நூறைக் கொடுத்தால் போனது 1,600 ரூபாய்க்கு மேல். ஐந்நூறுகளைப் பர்ஸின் தனி அறையில் வையுங்கள். பணத்தை எண்ணி, மதிப்பை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

ரூபாயை அங்கே மாற்றுவது கடினம், விகிதமும் மோசம். மடிப்பும் கறையும் இல்லாத டாலர் கொஞ்சம், வெளிநாட்டில் வேலை செய்யும்படி திறந்துவைத்த டெபிட் அட்டை ஒன்று, இரண்டும் இருந்தால் போதும். ஏடிஎம்மில் ஒரு தடவை எடுக்கும் தொகைக்கு வரம்பு உண்டு, ஒவ்வொரு தடவைக்கும் கட்டணமும் உண்டு. ஆகவே சிறுகச் சிறுக எடுக்காதீர்கள்.

மின்சாரம் 220 வோல்ட். நம் இரண்டு முள் சார்ஜர் நேராகப் போகும். மூன்று முள் செருகிக்கு மாற்றி வேண்டும்.

ஹனோய்

நொய் பாய் விமான நிலையம் நகரிலிருந்து முப்பது கி.மீ. அளவு தொலைவு. வெளியே வந்ததும் “டாக்ஸி, டாக்ஸி” என்று பின்னால் வருகிறவர்களைத் தாண்டி நடந்துவிடுங்கள். ஆரஞ்சு நிற 86 எண் பேருந்து பழைய நகருக்கும் ரயில் நிலையத்துக்கும் போகிறது. இல்லையென்றால் வாடகை வண்டி அழைக்கும் கிராப் செயலியை ஊரிலேயே பதிவிறக்கி, அட்டையை இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓடிபி நம் இந்திய எண்ணுக்கு வரும் என்பதால் அங்கே போய்ச் செய்ய முயன்றால் மாட்டிக்கொள்வீர்கள். சிம் அட்டைக்குக் கடவுச்சீட்டு கேட்பார்கள். மலைப்பக்கம் வரை பிடிப்பது வியட்டெல்.

சாலையைக் கடப்பது ஒரு கலை என்பார்கள். உண்மையில் ஒரே விதிதான். ஒரே வேகத்தில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். பைக் ஓட்டுகிறவர் உங்கள் வேகத்தைக் கணித்து வளைந்து போகிறார். பாதியில் நின்றாலோ பின்வாங்கினாலோ அந்தக் கணக்குத் தப்பிவிடும். கார், பேருந்து வந்தால் மட்டும் நின்று வழிவிடுங்கள், அவை வளையாது.

ஹோ சி மின் உடல் வைக்கப்பட்டிருக்கும் நினைவகம் காலையில் மட்டும்தான் திறக்கும். திங்கள், வெள்ளி விடுமுறை. அரைக்கால் சட்டைக்கு அனுமதியில்லை. அதைத் தவறவிட்டாலும் 1070இல் நிறுவப்பட்ட இலக்கியக் கோயிலைத் தவறவிடாதீர்கள். அரசுத் தேர்வில் தேறியவர்களின் பெயர் பொறித்த கற்பலகைகள் கல்லாமைகளின் முதுகில் வரிசையாக நிற்கும் இடம் அது. வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றி வாகனத்துக்குத் தடை. உங்கள் இரண்டு இரவுகள் அதில் விழுந்தால் அதிர்ஷ்டம்.

சைவர்கள் கவனிக்க

‘சய்’ என்றால் சைவம் (‘ச்ச’ என்று அழுத்திச் சொல்லுங்கள்). இந்தச் சொல் பலகையில் இருந்தால் அது பௌத்த சைவ உணவகம். வெங்காயம் பூண்டுகூடத் தவிர்க்கும் கடைகள் உண்டு. நம்மூர் ஏகாதசி போல அவர்களுக்கு அமாவாசையும் பௌர்ணமியும். அந்த நாட்களில் சாதாரணக் கடைகளிலும் சைவம் கிடைக்கும்.

சிக்கல் மற்றக் கடைகளில். “இறைச்சி வேண்டாம்” என்றால் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். ஃபோ நூடுல்ஸின் சாறு மாட்டெலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவைத்தது. கீரை வதக்கலில் மீன் சாறு, அதுதான் ‘நுஅக் மாம்’, உப்புக்குப் பதிலாகப் போகிறது. அவர்கள் ஏமாற்றுவதில்லை, உப்பை யாரும் அசைவம் என்று எண்ணாததுபோல அவர்கள் மீன் சாற்றையும் எண்ணுவதில்லை. ஆகவே “நான் பௌத்தத் துறவி உண்பது போன்ற உணவு உண்பவன், இறைச்சி, மீன், மீன் சாறு, எலும்புச் சாறு வேண்டாம், முட்டை ஆகும்/ஆகாது” என்பதை மொழிபெயர்ப்புச் செயலியில் வியட்நாமியத்துக்கு மாற்றி, படமாகக் கைப்பேசியில் வைத்துக் காட்டுங்கள். வாயால் சொல்ல முயல வேண்டாம். ஆறு தொனி உள்ள மொழி அது, தொனி பிசகினால் வேறு சொல்லாகிவிடும். ஹுவே பழைய பௌத்த நகரம், சைவச் சாப்பாட்டுக்கு இந்தப் பாதையிலேயே சிறந்தது. ரயிலுக்கும் கப்பலுக்கும் கையில் ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். பருப்புப்பொடியும் கடலைமிட்டாயும் பையில் இருந்தால் கெட்டுவிடாது.

ஹா லாங், பிறகு நின் பின்

ஹனோயிலிருந்து ஹா லாங்குக்கு விரைவுச் சாலையில் இரண்டரை மணி நேரம். பகல் சுற்றுலாவாகப் போனால் ஐந்து மணி நேரம் வண்டியிலேயே கழியும். போவதானால் கப்பலில் ஓரிரவு தங்குங்கள். நெரிசல் பிடிக்காதவர்கள் பக்கத்திலுள்ள லான் ஹா விரிகுடாவுக்குப் போகும் கப்பலைக் கேட்கலாம். குன்றுகள் அதே குன்றுகள், படகுகள் குறைவு. காற்று பலமானால் துறைமுக நிர்வாகம் எல்லாக் கப்பலையும் நிறுத்திவிடும். அப்போது கப்பல்காரரிடம் சண்டை போடாதீர்கள். 2025 ஜூலையில் திடீர்ச் சூறைமழையில் இங்கே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முன்பதிவு செய்யும்போதே, நிறுத்தினால் முழுப் பணமும் திரும்புமா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கரைக்கு வந்ததும் ஹனோய் திரும்ப வேண்டியதில்லை. நின் பின்னுக்கு நேரே ‘லிமோசின்’ எனப்படும் ஒன்பது இருக்கை வேன்கள் போகின்றன, ஏறக்குறைய நான்கு மணி நேரம். நின் பின் நகரில் தங்காமல் டாம் கோக் கிராமத்தில் தங்குங்கள். சாங் ஆன் படகுச் சவாரிக்கு மூன்று மணி நேரம் ஆகும். குகைக்குள் நுழையும்போது தலையைக் குனிய வேண்டியிருக்கும். காலை எட்டுக்கு முன் போனால் ஹனோய்ப் பேருந்துகள் வந்து சேருவதற்குள் முடித்துவிடலாம். ஹாங் முவா குன்றில் ஐந்நூறு படி அளவு ஏற்றம். மாலை நான்கரைக்கு ஏறுங்கள், நண்பகலில் ஏறினால் கல் சுடும். மழை பெய்திருந்தால் உச்சியிலுள்ள டிராகன் சிலைப் பக்கம் பாறை வழுக்கும். நெல் முற்றி மஞ்சளாக நிற்பதைப் பார்க்க மே கடைசி, ஜூன் தொடக்கம்.

ரயில்

ஹனோய்–சைகோன் பாதை 1,726 கி.மீ. முழுவதையும் ரயிலில் கடக்க ஒன்றரை நாளுக்குக் குறையாது, தேவையுமில்லை. இரண்டு துண்டு மட்டும் போதும்.

முதல் துண்டு நின் பின்னிலிருந்து ஹுவே, இரவில், பதினொன்று பன்னிரண்டு மணி நேரம். நான்கு படுக்கை அறையை எடுங்கள். ஆறு படுக்கை அறையின் மேல் தட்டில் நிமிர்ந்து உட்கார முடியாது. டிக்கெட்டிலும் கடவுச்சீட்டுப் பெயர், எண். பெட்டி முனையில் வெந்நீர்க் குழாய் உண்டு, கப் நூடுல்ஸுக்கு உதவும். நின் பின்னில் ரயில் சில நிமிடம்தான் நிற்கும். பெட்டி எண்ணைக் காட்டி எங்கே நிற்பது என்று ஊழியரிடம் முன்னமே கேளுங்கள். ஹுவே வருவதற்கு அரை மணி முன்னதாக அலாரம் வையுங்கள்.

இரவுப் பேருந்து இதைவிட மலிவு. ஆனால் ஐந்தடி எட்டங்குலத்துக்கு மேல் உள்ளவர்களுக்குக் கால் நீட்ட இடமிருக்காது, அதிகாலை மூன்று மணிக்கு நெடுஞ்சாலையோரம் இறக்கிவிடுவதும் நடக்கும்.

இரண்டாவது துண்டு ஹுவே–டா நாங், 103 கி.மீ., மூன்று மணி நேரம். இதைப் பகலில்தான் போக வேண்டும். ஹாய் வான் கணவாயில் தண்டவாளம் மலை விளிம்பைப் பிடித்துக்கொண்டு போகும், கீழே கடல். தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம். முன்பதிவில் இருக்கைப் படத்தைப் பார்த்து இடது சாளரம் எடுங்கள். இந்தத் தூரத்துக்கென்றே 2024 மார்ச்சில் ஒரு பாரம்பரிய ரயில் விட்டிருக்கிறார்கள், லாங் கோ நிலையத்தில் இறங்கிப் படமெடுக்கப் பத்து நிமிடம் நிற்கிறது.

ஹுவேயில் 1802 முதல் 1945 வரை ஆண்ட நுயென் மன்னர்களின் கோட்டைக்கு ஒரு முழுக் காலை வேண்டும். கல்லறை மாளிகைகள் நிறைய உண்டு. மின் மாங், காய் தின் இரண்டும் போதும். மூன்றாவதில் எல்லாம் ஒன்றுபோலத் தோன்ற ஆரம்பிக்கும்.

டா நாங், ஹோய் ஆன், மீ சோன்

ஹோய் ஆனுக்கு ரயிலும் இல்லை, விமானமும் இல்லை. டா நாங்கிலிருந்து காரில் 30 கி.மீ. வழியில் டா நாங்கின் சாம் (பழைய சம்பா நாட்டு மக்கள்) சிற்ப அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் இறங்குங்கள், பெட்டியை நுழைவாயிலில் வைக்க முடியுமா என்று கேட்டுவிட்டு. மீ சோன் கோயில்களை முதலில் பார்த்துவிட்டு இங்கே வந்தால் வெறும் செங்கல்லையே பார்த்த உணர்வு வரும். சிற்பங்கள் இங்கே, கோயில் அங்கே.

மீ சோன் 4ஆம் நூற்றாண்டு முதல் 13 வரை சாம் மன்னர்கள் கட்டிய கோயில் தொகுதி. பத்ரவர்மன் நிறுவிய பத்ரேஸ்வர லிங்கம், சமஸ்கிருதக் கல்வெட்டுகள், ஆவுடையார்கள். வழிகாட்டி பத்து நிமிடம் விளக்குவது நம் ஆட்களுக்கு ஒரு பார்வையில் விளங்கிவிடும். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் முதன்மைக் கோபுரம் இடிந்தது. இந்தியத் தொல்லியல் துறை சில தொகுதிகளைச் சீரமைத்தது. அந்தப் பணியில்தான் 2020இல் 9ஆம் நூற்றாண்டின் ஒற்றைக்கல் லிங்கம் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. ஹோய் ஆனிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். பள்ளத்தாக்கில் காற்றே இருக்காது, ஒன்பதரைக்குள் வெளியே வந்துவிடும்படி அதிகாலையில் கிளம்புங்கள்.

ஹோய் ஆனில் துணி தைப்பவர்கள் முதல் நாளே அளவு கொடுங்கள். இரண்டு முறை போட்டுப் பார்க்க நேரம் வேண்டும். கடைசி நாள் மாலை கையில் வாங்கினால் தோள் பிடித்தாலும் திருத்த வழியில்லை. கடற்கரை ஆன் பாங், சைக்கிளில் இருபது நிமிடம். சிவப்புக் கொடி பறந்தால் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். பா நா மலையின் தங்கப் பாலம் எல்லாத் தொகுப்புச் சுற்றுலாவிலும் இருக்கிறது. கட்டணம் பத்து லட்சம் டோங்கை நெருங்குகிறது, பாதி நாட்கள் பனிமூட்டம். அந்தப் பணத்துக்கு ஹோய் ஆனில் இன்னோர் இரவு தங்கலாம்.

பைக் வாடகைக்கு எடுக்கும் ஆசை இங்கேதான் வரும். இந்தியா தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி 1949 உடன்படிக்கையின் கீழ் வருவது; வியட்நாம் ஏற்பது 1968 உடன்படிக்கையை. 50 சிசிக்கு மேற்பட்ட வண்டியை அதை வைத்து ஓட்டினால் உரிமமில்லாமல் ஓட்டுவதாகவே பொருள். அபராதத்தைவிடப் பெரியது, விபத்தானால் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும். கடைக்காரர் எதையும் கேட்காமல் சாவியைத் தருவார், அது அனுமதியாகாது.

சைகோன்

டா நாங்கிலிருந்து விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். 2025 ஜூலை 1 முதல் வியட்நாமில் மாகாணங்கள் இணைக்கப்பட்டு மாவட்டங்கள் நீக்கப்பட்டன. ஹோய் ஆனே இப்போது டா நாங் நகரத்தில் அடக்கம். ஆனால் சைகோனில் எல்லாரும் இன்னும் ‘முதல் மாவட்டம்’ என்றுதான் சொல்கிறார்கள். பழைய முகவரி, புது முகவரி இரண்டும் புழங்குவதால் கிராப்பில் முகவரியைத் தட்டாமல் விடுதிப் பெயரைத் தட்டுங்கள். 2024 டிசம்பரில் ஓடத் தொடங்கிய முதல் மெட்ரோ, பென் தான் சந்தையிலிருந்து கிழக்கே போகிறது.

அந்தச் சந்தைக்கு நடக்கும் தூரத்தில், சுவோங் தின் தெருவில், மாரியம்மன் கோயில். பிரெஞ்சுக் காலத்தில் தொழிலுக்கு வந்த தமிழர்கள் விட்டுச்சென்றது. இன்று வணங்க வருகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாமியரும் சீனரும். கருவறைச் சுவரில் நெற்றியை வைத்து வேண்டுதலை முணுமுணுப்பார்கள். ஊதுபத்திக் கட்டோடு வரும் அவர்களுக்கு நடுவே நம் அர்ச்சனை முறையை எதிர்பார்க்காதீர்கள்.

சைகோனில் கைப்பேசியைச் சாலையோரம் நின்று பார்க்கக் கூடாது. பைக்கில் வந்து பறிப்பார்கள், பின்னால் ஓடிப் பயனில்லை. வழி பார்க்க வேண்டுமானால் ஒரு கடைக்குள் நுழையுங்கள். பையைச் சாலைக்கு எதிர்ப்பக்கத் தோளில் மாட்டுங்கள்.

தான் சோன் நியத் விமான நிலையம் நகருக்குள்ளேயே இருந்தாலும், மாலை ஐந்திலிருந்து ஏழுவரை ஏழு கி.மீ. கடக்க ஒரு மணி நேரம் ஆகலாம். குடிவரவு வரிசையும் நீளம். மூன்று மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். மீந்த டோங்கை அங்கேயே டாலராக்கிவிடுங்கள். சென்னையில் அதை வாங்க ஆள் தேட வேண்டியிருக்கும்.